காவேரிக்கரை வீடு (தமிழில் மட்டும்)

காலை 6.02

அப்பா: [படம்: தாமரைப் பூ, "இனிய காலை வணக்கம்"]

பெரியப்பா: [பலமுறை பகிரப்பட்ட செய்தி] பஞ்சாபில் போதைப்பொருள் விற்றவனின் வீட்டை அரசே புல்டோசர் வைத்துத் தரைமட்டமாக்கியது! இப்படி ஒரு முதல்வர் எல்லா மாநிலத்துக்கும் வேண்டும்! உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!

பெரியப்பா: இந்தக் குழுவில் ஆறு பேர்தான் இருக்கிறோம். பரவாயில்லை, படியுங்கள்.

அத்தை: நல்ல காரியம் அண்ணா. பயம் இருந்தால்தான் அடங்குவார்கள்.

அண்ணன்: சூப்பர்.

பெரியப்பா: சூப்பர் என்பதற்குப் பத்து ரூபாய் அபராதம். மொத்தம் நூற்றுப் பத்து. தீபாவளிக்குள் கட்டிவிடு.

காலை 7.48

சித்தப்பா: அண்ணா, நான் ஆறு வருடமாக அந்தப் பஞ்சாபில்தான் குப்பை கொட்டுகிறேன். செய்தி உண்மைதான். 2025 மார்ச்சில் முதல்வர் பகவந்த் மான் "போதைக்கு எதிரான போர்" என்று தொடங்கினார். மூன்று மாதம் கெடு. கெடு முடிந்தது, போர் முடியவில்லை.

அண்ணன்: இடித்தார்கள் என்பது செய்தி. இடிக்கலாமா என்பது வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவன் என்ற ஒரே காரணத்துக்காக வீட்டை இடிக்கக்கூடாது, 15 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2024 நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக்கிரமிப்பு, அனுமதியில்லாத கட்டடம் என்று காரணம் எழுதித்தான் இடிக்கிறார்கள்.

பெரியப்பா: வக்கீலைப் பெற்றால் இதுதான்.

அத்தை: அந்த வீட்டில் அவனைப் பெற்றவள் இருந்திருப்பாளே, அவள் எங்கே போவாள்?

பெரியப்பா: நீ இப்போதுதான் நல்ல காரியம் என்றாய்.

அத்தை: அது காபி குடிப்பதற்கு முன்.

சித்தப்பா: மானுக்கு முன்பே இப்படிக் கிளம்பியவர் காங்கிரஸின் அமரீந்தர் சிங். அவர் சபதம் போட்டதே எங்கள் பட்டிண்டா கூட்டத்தில்தான். 2015 டிசம்பர். குட்கா சாஹிபைக் கையில் ஏந்தி, ஆட்சிக்கு வந்தால் நான்கே வாரத்தில் போதையின் முதுகெலும்பை முறிப்பேன் என்றார்.

பெரியப்பா: குட்காவைக் கையில் வைத்துக்கொண்டு போதை ஒழிப்புச் சத்தியமா?!

சித்தப்பா: ஐயோ அண்ணா! குட்கா என்றால் இங்கே சிறிய பிரார்த்தனை நூல். சீக்கியர்களுக்குப் புனிதமானது. பான் பொட்டலம் இல்லை. இதை இங்கே உரக்கச் சொல்லிவிடாதீர்கள், எனக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

நான்: நான்கு வாரத்தில் முறிந்ததா சித்தப்பா?

சித்தப்பா: 2017-இல் முதல்வரானார், சிறப்புப் படை அமைத்தார். அடுத்த வருடம் ஜூலையில், முதல்முறை பிடிபடும் கடத்தல்காரனுக்கே மரண தண்டனை வேண்டும் என்று மத்திய அரசுக்கு எழுதினார். போலீஸ்காரர் உள்பட அரசு ஊழியர் எல்லோருக்கும் போதைப் பரிசோதனை என்றார். எல்லாம் தலைப்புச் செய்தி. ஆனால் அவர் காலத்தில் உருப்படியாக நடந்தது எதுவென்று கேட்டால் நான் வேறொன்றைச் சொல்வேன். இருங்கள், கிளைக்குப் போய்விட்டு எழுதுகிறேன்.

பகல் 1.35

சித்தப்பா: எங்கள் வங்கிக்கு இரண்டு கட்டடம் தள்ளி அரசுச் சிகிச்சை மையம் ஒன்று இருக்கிறது. நாங்கள் கதவைத் திறப்பதற்கு முன்பே அங்கே வரிசை நிற்கும். ஹெராயினை இங்கே "சிட்டா" என்பார்கள், வெள்ளை என்று அர்த்தம். அதை விட வந்தவர்கள். உள்ளே புப்ரனார்பின் கலந்த மாத்திரை ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடுகிறார்கள். உடம்பின் நடுக்கம் அடங்குகிறது, ஊசி தேட வேண்டியதில்லை, வேலைக்குப் போய்விடுகிறார்கள். 2017 அக்டோபரில் அமிர்தசரஸ், தரன் தாரன், மோகா என்று மூன்று மாவட்டத்தில் தொடங்கியது. இன்று அரசு மையங்கள் மட்டும் 500-க்கும் மேல். மானும் இதைப் பெருக்கத்தான் செய்தார். ஆனால் எந்தத் தலைவரும் மேடையில் மாத்திரையைத் தூக்கிக் காட்டி நான் பார்த்ததில்லை.

அத்தை: ஒரு போதைக்கு இன்னொரு போதையா தம்பி?

சித்தப்பா: இங்கேயும் அப்படித்தான் கேட்கிறார்கள் அக்கா. அந்த மாத்திரையையே வெளியே விற்கிறவனும் உண்டு. பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு டிராக்டர் கடன் வாடிக்கையாளர் இருக்கிறார். இரண்டு வருடம் தவணை கட்டவில்லை. இப்போது மாதம் தவறாமல் கட்டுகிறார். அவருக்கு ஒரே குறை, அறுவடை நேரத்தில் வந்து வரிசையில் நிற்க முடியவில்லை என்பது. 2020 ஊரடங்கில் வீட்டுக்கே வாரக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள், அதுபோல எப்போதும் கொடுக்கக்கூடாதா என்று என்னிடம் கேட்கிறார். வங்கிக்காரனிடம்!

சித்தப்பா: இன்னொன்று. முன்பெல்லாம் இங்கே வயல்காரர்களுக்கு "புக்கி"தான். கசகசாக் காயின் ஓட்டைப் பொடித்துத் தேநீரில் போடுவார்கள்.

அத்தை: நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசாவா?!

சித்தப்பா: அதே செடி. விதையில் போதை இல்லை, ஓட்டில் இருக்கிறது. பக்கத்து ராஜஸ்தானில் உரிமம் பெற்ற கடைகளிலேயே விற்றார்கள். 2016-இல் அதை மூடினார்கள். அதற்குப் பிறகு பையன்கள் சிட்டாவுக்குத் தாவினார்கள் என்று இங்கே பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள்.

பெரியப்பா: ஒரே நாடு, ஒரே சட்டம் இல்லையா?

அண்ணன்: சட்டம் ஒன்றுதான் அப்பா, 1985-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் போலீசும் ஆஸ்பத்திரியும் மாநிலத்தின் கையில். சட்டத்துக்குள்ளேயே சாளரங்களும் உண்டு. கஞ்சாச் செடியின் பூவும் பிசினும் குற்றம், தனி இலை அந்த வரையறையில் வராது. அதனால்தான் வடக்கே அந்த இலையை அரைத்துச் செய்யும் பாங் விற்க அரசு உரிமத்தோடு கடை நடக்கிறது. நாருக்கும் விதைக்கும் செடி வளர்க்கவும் மாநிலம் அனுமதி தரலாம்.

நான்: உத்தராகண்டில் 2018-இலேயே தந்துவிட்டார்கள். போன வருடம் அல்மோராவில் அந்த விதையில் அரைத்த சட்னி சாப்பிட்டேன். எள்ளுச் சட்னி போல இருந்தது.

அத்தை: என்ன சாப்பிட்டாய்???

அப்பா: [படம்: தாமரைப் பூ, "இனிய மதிய வணக்கம்"]

நான்: விதையில் ஒன்றும் இல்லை அத்தை! இமாசலத்தில் முதல்வர் சுக்விந்தர் சிங் சுக்குவும் அதே வழிக்கு வருகிறார். 2024 செப்டம்பரில் மருந்துக்கும் தொழிலுக்கும் கஞ்சாச் செடி வளர்க்கலாம் என்ற குழு அறிக்கையைச் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது. அங்கேதான் மலானா, சரஸ் என்கிற கஞ்சாப் பிசினுக்குப் பெயர்போன ஊர். எப்படியும் மலையில் தானாக முளைக்கிறது, விவசாயிக்காவது காசு வரட்டும் என்கிறார்கள்.

அண்ணன்: மலை என்றால் எல்லா மலையும் ஒன்றில்லை. மணிப்பூரில் அப்போதைய முதல்வர் பிரேன் சிங் 2018-இல் போதை மீது போர் அறிவித்துக் கசகசா வயல்களை அழித்தார். மலைக் கிராமங்களில் வாழும் குக்கிப் பழங்குடியினர், இது எங்கள் மீதான போர் என்று நினைத்தார்கள். 2023 கலவரத்தின் பல இழைகளில் அதுவும் ஒன்று.

அத்தை: நம் ஊருக்கு வாருங்கள். 1937-இல் ராஜாஜி முதன்முதலில் மதுவிலக்கு கொண்டுவந்தது எங்கள் சேலத்தில். இன்று அதே சேலத்தில் அரசே கடை நடத்துகிறது. கஞ்சாவுக்கு எதிராகப் பள்ளிப் பிள்ளைகள் உறுதிமொழி எடுக்கிறார்கள், திரும்பி வருகிற வழியில் பச்சைப் பலகை.

சித்தப்பா: இதற்கு அண்ணன் பதில் சொல்லவேண்டும். காலையிலிருந்து புல்டோசர் ஓட்டியவர் அவர்தானே.

அத்தை: அண்ணா? நீலக்குறி விழுந்துவிட்டது, பார்த்துவிட்டீர்கள்.

இரவு 9.10

பெரியப்பா: வக்கீலே, பிடிபட்டவன் விற்கிறவன் இல்லை, பழகிவிட்டவன் என்றால் அவனுக்கு அந்தச் சட்டத்தில் வழி உண்டா?

அண்ணன்: உண்டு அப்பா. 64அ பிரிவு. சிறிய அளவோடு பிடிபட்டு, தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சைக்குச் சேர்ந்தால் வழக்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். பாதியில் நிறுத்தினால் விலக்கு போய்விடும்.

பெரியப்பா: சிறிய அளவு என்றால்?

அண்ணன்: கஞ்சா என்றால் ஒரு கிலோ வரை. ஹெராயின் ஐந்து கிராம். ஏன் கேட்கிறீர்கள்?

பெரியப்பா: என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்தவன். மனப்பாடச் செய்யுளில் ஒரு மதிப்பெண் கூட விட்டதில்லை. நேற்று அவன் அம்மா வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஒன்றும் பேசவில்லை.

அத்தை: அதனால்தான் காலையில் அந்தச் செய்தியா அண்ணா?

பெரியப்பா: விற்றவன் மீது கோபம்.

சித்தப்பா: அண்ணா, 14446. நாடு முழுவதற்கும் கட்டணமில்லாத உதவி எண். தமிழ்நாட்டிலும் 2025-இல் "கலங்கரை" என்று 25 மையங்கள் திறந்தார்கள். அருகில் எது என்று விசாரித்துச் சொல்கிறேன்.

அண்ணன்: பெயரை இங்கே எழுதாதீர்கள் அப்பா. நான் இப்போது அழைக்கிறேன். எப்ஐஆர் போட்டுவிட்டார்களா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

பெரியப்பா: எடுக்கிறேன். எப்ஐஆர் இல்லை, முதல் தகவல் அறிக்கை. நூற்று இருபது.

அப்பா: அண்ணா, நாளை காலை பஸ்ஸில் கும்பகோணம் வருகிறேன். நாம் இருவரும் போய் அந்த அம்மாவைப் பார்ப்போம்.

நான்: அப்பா எழுதினாரா?!

அப்பா: [படம்: தாமரைப் பூ, "இனிய இரவு வணக்கம்"]