அம்மாவுக்குச் சுகர் அளவைத் தமிழில் சொல்லிப் புரியவைக்கும் செயலி வேண்டும்

அம்மாவுக்கு 61 வயது, உசிலம்பட்டி பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். 8 வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் இரண்டும் சாப்பிடுகிறார். நான் சென்னையில் இருக்கிறேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டியிருக்கிறது. சுகர் பார்க்கும் மீட்டரில் 64. "சுகர் குறைஞ்சா நல்லதுதானே" என்று எதுவும் சாப்பிடாமல் படுத்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் தப்பித்தார். 70க்குக் கீழே போனால் ஆபத்து என்பது இத்தனை வருடத்தில் அவருக்குத் தெரியவே இல்லை. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

மீட்டரை ப்ளூடூத்தில் போனோடு இணைத்தேன். செயலியைத் தமிழுக்கு மாற்றினால் மெனு மட்டும்தான் மாறுகிறது, விளக்கமெல்லாம் ஆங்கிலம். யூடியூப் வீடியோ அனுப்பினேன். அதை அடுத்து வந்த "மாத்திரையே வேண்டாம்" வீடியோவை நம்பி நான்கு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். அப்புறம் நானே பேசி வாட்ஸப்பில் அனுப்பினேன். அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஆனால் 64 வந்த நேரத்தில் பழைய மெசேஜைத் தேடி எடுக்க அவருக்குத் தெரியாது.

போன் ஆண்ட்ராய்டு 11, 2 ஜிபி ரேம். வீட்டுக்குள் நெட் சரியாக வராது. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், காதால் கேட்டால் நன்றாகப் புரிந்துகொள்வார்.

சுகர் எண்ணைப் போட்டதும் அது குறைவா, அதிகமா, உடனே என்ன செய்ய வேண்டும் என்று நெட் இல்லாமலே தமிழில் வாய்விட்டுச் சொல்லும் செயலி எதையாவது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பயன்படுத்துகிறார்களா?