பரியாரிமாருக்கு (நாட்டு வைத்தியர்களுக்கு) முதலுதவி பழக்க யாராவது வருவீர்களா?

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவு மாவட்டம் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் பாம்பு கடித்தால் ஆக்கள் முதலில் ஓடுவது விசகடிப் பரியாரியாரிடம்தான். அதைக் குறை சொல்ல வரவில்லை. இரவு இரண்டு மணிக்கும் கதவைத் திறக்கிற மனிசன் அவர்.

போன மாரியில், நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருந்த என் மச்சானைக் கட்டுவிரியன் கடித்தது. வீக்கமும் இல்லை, பெரிய நோவும் இல்லை. மருந்து அரைத்துக் கொடுத்தார்கள். விடியும்போது இமை சரிந்து, பேச்சுக் குழறி, மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. ஆசுபத்திரியில் நாலு நாள் மெசினில் மூச்சு விட்டுத்தான் தப்பினார்.

இப்போது ஆறு பரியாரிமார் பழக வரச் சம்மதம். (ஒருவர் மட்டும் "எனக்கு ஆர் படிப்பிக்கிறது?" என்று முறைத்தார். சரி, அவரும் வருவார்.) பழக்க வேண்டியவை இவை: கடிவாயைக் கீறாமல், கயிறு இறுக்காமல், கடிபட்ட கை காலைத் தடி வைத்து அசையாமல் கட்டுவது, மோதிரம் காப்பைக் கழற்றுவது, தாமதிக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுவது, வழியில் மூச்சு நின்றால் ஊதிக் கொடுப்பது. குளத்தில் மூழ்கியவருக்கு மூச்சுக் கொடுத்து, நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துவதும் வேண்டும். இதைக் கையால் செய்து பார்த்தால்தான் பிடிபடும்.

தமிழில் பழக்கக்கூடிய தாதியரோ முதலுதவிப் பயிற்றுநரோ ஒரு நாள் வர முடியுமா? பயிற்சிப் பொம்மை ஒன்று இரவல் கிடைத்தால் பெரிய உதவி. படம் போட்ட பெரிய எழுத்துத் தாள்களும் தேவை, பலருக்குக் கண் மங்கல். நாட்டு வைத்தியம் பொய் என்று பிரசங்கம் வைக்கிற ஆக்கள் மட்டும் வேண்டாம், பிறகு ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள்.

காலபோக (மாரிகால நெல்) அறுவடை முடிந்த பிறகு எந்த ஞாயிறும் வசதி. இடம் சனசமூக நிலையம், மத்தியானச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. உள்பெட்டியில் எழுதுங்கள்.