கட்டம் போட்டிருந்தால் முன்வரைவு ஆகிவிடுமா? டொமெனிக்கினோவின் செசிலியா

கரித்துண்டு:
ரோமின் சான் லூயிஜி தேவாலயத்தில், போலே சிற்றாலயச் சுவரில் இத்தாலிய ஓவியர் டொமெனிக்கினோ 1612–15இல் புனித செசிலியாவின் கதையைத் தீட்டினார். அவருடைய வரைபடங்களில் பெரும்பகுதி இப்போது இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில். பெரும்பாலும் நீல அல்லது சாம்பல் தாள், கரும் சாக் (சாக்பீஸ் போன்ற வரைகட்டி), மேலே வெள்ளை. இந்த வகைப் பெண்ணுருவத் தாளில் கட்டம் (உருவத்தின் மேல் கோடிட்ட சதுரங்கள்) இருந்தால் அது சுவருக்குப் பெரிதாக்கப் போட்டதுதான், ஆக தாள் முன்வரைவுதான். 25 செ.மீ. உருவத்தின் மேல் 2 செ.மீ. கட்டம், முழு அளவுத் தாளில் அதை 16 செ.மீ. ஆக்கினால் உருவம் 2 மீட்டர். வேறெதற்குக் கட்டம்?

சுவரோவியன்:
நகலெடுக்க. முடிந்த ஓவியத்தைச் சிறிதாக்கவும் அதே கட்டம்தான். கட்டம் சாக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழேயா என்று முதலில் பாருங்கள், பத்து மடங்கு லென்ஸ் போதும். ஊசிமுனையால் அழுத்திய கட்டம் முதலில் வந்திருந்தால் சாக் பள்ளத்தைத் தாண்டிப் போகும், பள்ளத்தில் வெறும் தாள் தெரியும். பிறகு வந்திருந்தால் சாக் தூள் உள்ளே இழுபட்டிருக்கும்.

கரித்துண்டு:
மேலே இருந்தால் என் கட்சி ஜெயித்தது!

சுவரோவியன்:
பாதிதான். குருவின் தாளில் சீடன் பின்னால் கட்டம் போடலாம். முழங்கையைப் பாருங்கள் நண்பரே. இரண்டு மூன்று இடம் மாறியிருக்கிறதா? துணிக்கு அடியில் தொடைக்கோடு ஓடுகிறதா? நகலெடுப்பவருக்கு விடை தெரியும், தேட மாட்டார். முன்னால் நிற்பவர் மறைக்கும் இடத்தில் கோடு கச்சிதமாக நின்றால் எனக்குச் சந்தேகம்தான்.

தாள்நோக்கி:
அந்தக் கடைசி அளவுகோல் ஆபத்து. டொமெனிக்கினோ பயின்ற கராச்சி (Carracci) ஓவியக் குடும்பத்தின் பள்ளி வழக்கத்தில் மொத்த அமைப்பை முடிவு செய்த பிறகே தனி உருவத்துக்கு வருவார்கள். மறையப்போகும் பாதத்தை ஏன் வரையவேண்டும்? இன்னொன்று: நீலத்தாள் வெளிச்சத்தில் பழுப்பேறும். வெள்ளைக்கும் தாளுக்கும் இருந்த கணக்கு கெட்டுவிடும். அதைப் பார்த்து ‘கை பலவீனம், நகல்’ என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் அதிகம்.

கரித்துண்டு:
தாள்கள் வந்த வழியும் இருக்கிறதே. சீடர் ரஸ்பாந்தினோ, பிறகு ஓவியர் மராத்தா, 1703இல் போப் பதினொன்றாம் கிளமென்ட், 1762இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜ். பட்டறைச் சரக்கு ஒட்டுமொத்தமாகக் கைமாறியது.

சுவரோவியன்:
சீடர் கைக்குப் போன தாள்கட்டுக்குள் சீடர்கள் எடுத்த நகலும் இருக்கும்தானே? சுவரில் இல்லாத ஒரு கைநிலையைத் தாளில் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

தாள்நோக்கி:
கட்டம் போடுவது கடைசித் தாளில். அது சுவரோடு ஒத்துத்தான் போகும். நீங்கள் கேட்கும் மாற்றம் அதற்கு முந்தைய, கட்டமில்லாத தாள்களில் கிடக்கும்; அவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.