செங்காந்தள் நஞ்சை மருத்துவச்சி எப்படிக் கண்டறிவாள்?

சென்னை மயிலாப்பூரிலிருந்து நான் எழுதிவரும் மாயாஜாலப் புதினத்தில், செங்காந்தளை ஒத்த ஒரு கொடியின் பூவைப் பேயோட்டும் விளக்காகவும் கிழங்கைச் சூனியம் முறிக்கும் மருந்தாகவும் மக்கள் பயன்படுத்துகின்றனர். அக்கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நம்பி உண்டுவிட்ட சிறுவனை மருத்துவச்சி ஒரு நாழிகைக்குள் அடையாளம் காணவேண்டிய இடத்தில், இரண்டு மாதங்களாகக் கதை நகரவில்லை. உண்மையான செங்காந்தள் கிழங்கிலுள்ள கோல்சிசின் என்னும் நஞ்சு, சில மணி நேரம் கழித்தே வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் என்பதால், உடல் அறிகுறிகளை நம்பி எழுத வழியில்லை.

மஞ்சளும் பச்சையுமாக விரிந்து பின்னர் சிவக்கும் அப்பூ, நஞ்சுண்டவர் அருகில் மீண்டும் மஞ்சளாவதாக எழுதிப் பார்த்தேன், பதற்றமே போய்விட்டது. வெள்ளி ஊசி கறுப்பது மிகப் பழைய உத்தி (என் தங்கையே சிரித்துவிட்டாள்). பற்றுக்கம்பியாகச் சுருளும் இலைநுனியை மட்டும் இன்னும் பயன்படுத்தவில்லை.

செடியின் இயல்பை மீறாமலும், மருத்துவச்சிக்குச் சிறிது ஐயத்தை மிச்சம் வைத்தும் நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் எதுவாக இருக்கலாம்?