நாளை மறுநாள் ஒப்பீட்டு அரசாங்கம் தேர்வு, ஐந்து நாடும் ஒன்றாகக் குழம்புகிறது

மஞ்சள்மண்டி | வியாழன் இரவு 9.40

கரஸில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒப்பீட்டு அரசாங்கம் தாள். பகலில் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதும் வேலை. இன்று ஏலம் முடிந்து பில் போட்டுவிட்டு வீடு வர எட்டு மணி ஆகிவிட்டது. நாளை லீவு சொல்லியிருக்கிறேன். ஆக, கையில் இருப்பது ஒரு பகல், ஒரு இரவு.

பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, சீனா என ஐந்து அலகு. பிரிட்டனை மட்டும் மூன்று தடவை படித்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பிப்பதால். மற்றவை படிக்கும்போது புரிகிறது, புத்தகத்தை மூடினால் காணோம். பிரான்ஸில் குடியரசுத் தலைவரும் இருக்கிறார், பிரதமரும் இருக்கிறார். அந்தக் குடியரசுத் தலைவர் நம் நாட்டில் இருப்பவர் மாதிரியா, அமெரிக்க அதிபர் மாதிரியா?

இன்னொன்று. கைடில் பிரான்ஸ் குடியரசுத் தலைவரின் பதவிக்காலம் 7 ஆண்டு என்று இருக்கிறது. செல்போனில் பார்த்தால் 5. கைடை மீறி எழுதினால் மார்க் போடுவார்களா?

குரூப்2_கனவு | வியாழன் இரவு 10.05

அக்கா, இந்த நேரத்தில் ஆராய்ச்சி வேண்டாம். பழைய வினாத்தாள் ஐந்தாறு எடுங்கள், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை மட்டும் கைடில் உள்ளபடி மனப்பாடம் பண்ணுங்கள். நான் பி.ஏ. அப்படித்தான் முடித்தேன். 7 என்று போட்டிருந்தால் 7 தான்.

பழைய_வாத்தியார் | வியாழன் இரவு 10.50

தம்பி சொன்னதில் பழைய வினாத்தாள் சரி. மற்றதை விட்டுவிடுங்கள் அம்மா. இந்தத் தாளை முப்பது வருடம் நடத்தியவன், கட்டுக்கட்டாகத் திருத்தியவன் சொல்கிறேன்.

முதலில் கைடு. பிரான்ஸில் 7 ஆண்டு என்பது ஒரு காலத்தில் உண்மை. 2000-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி 5 ஆக்கிவிட்டார்கள். "முன்பு 7, 2000 பொதுவாக்கெடுப்புக்குப் பின் 5" என்று எழுதுங்கள். எந்தக் கைடை வைத்துத் திருத்துபவரும் அடிக்க முடியாது. அதே கைடில் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் பிரபுக்கள் சபைதான் என்று இருக்கும். 2009-இல் தனி உச்ச நீதிமன்றம் வந்துவிட்டது. சீனக் குடியரசுத் தலைவர் இரண்டு முறைக்கு மேல் தொடர முடியாது என்று இருக்கும். அந்த வரம்பை 2018-இல் எடுத்துவிட்டார்கள். மூன்றிலும் பழசு என்றால் அந்தக் கைடை எடைக்குத்தான் போட வேண்டும்.

அடுத்து, நாடு நாடாகப் படிப்பதை இப்போதே நிறுத்துங்கள். ஒரு பெரிய தாளைக் குறுக்கே வைத்து ஐந்து கட்டம் போடுங்கள். ஒரே ஒரு கேள்வி: ஆட்சி நடத்துபவரை யார் வீட்டுக்கு அனுப்பலாம்?

பிரிட்டனில் 650 பேர் கொண்ட மக்கள் சபை அனுப்பலாம். 1979-இல் காலஹன் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 311க்கு 310 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. அமெரிக்காவில் கொள்கை பிடிக்கவில்லை என்று அதிபரைக் காங்கிரஸ் அனுப்ப முடியாது. குற்றம் சாட்ட வேண்டும், செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சனுக்கு எதிராக 36 ஓட்டு தேவைப்பட்டது, 35 தான் விழுந்தது. இங்கேயும் ஒரு ஓட்டுதான், ஆனால் அவர் தப்பினார். இந்த இரண்டு ஒரு ஓட்டுக் கதைகளைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். நாடாளுமன்ற முறைக்கும் அதிபர் முறைக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டால், இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

பிரான்ஸ் இரண்டுக்கும் நடுவே. பிரதமரைத் தேசிய சபை கவிழ்க்கலாம்: 1962-இல் பொம்பிதூ, 2024 டிசம்பரில் பார்னியே. குடியரசுத் தலைவரை அப்படிக் கவிழ்க்க முடியாது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர், சபையையே கலைக்கக் கூடியவர். ஆகவே நம் குடியரசுத் தலைவர் மாதிரி இல்லை. ஆனால் சபை எதிர்க்கட்சி கைக்குப் போனால் அவர் கை கட்டப்படும். 1997-இல் குடியரசுத் தலைவர் சிராக் தாமாகவே சபையைக் கலைத்தார், தேர்தலில் அவர் அணி தோற்றது, எதிரணியின் ஜோஸ்பானைப் பிரதமராக வைத்துக்கொண்டு ஐந்து வருடம் ஓட்டினார். இதுதான் கோஹாபிட்டேஷன். தமிழில் ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள், நீங்கள் இப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிடுங்கள்.

சுவிட்சர்லாந்தில் 7 பேர் கொண்ட கூட்டாட்சிக் குழு. நாடாளுமன்றம் 4 ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கும், நடுவில் அனுப்ப முடியாது. அதற்குப் பதில் மக்கள் சட்டத்தையே தடுக்கலாம்: 100 நாளில் 50,000 கையெழுத்து சேர்ந்தால் பொதுவாக்கெடுப்பு. அரசியலமைப்பைத் திருத்தக் கோருவது என்றால் 18 மாதத்தில் 1,00,000. சீனாவிலும் கட்சியின் அரசியல் தலைமைக் குழுவினுடைய நிலைக்குழுவில் இப்போது 7 பேர். பாதிப் பிள்ளைகள் இந்த இரண்டு ஏழையும் மாற்றி எழுதி வைப்பார்கள். சுவிஸ் ஏழு சமமானவர்கள், ஆண்டுக்கொருவர் தலைவர். சீன ஏழு கட்சியின் உச்சி. சீன அரசியலமைப்பின்படி குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும் தேசிய மக்கள் காங்கிரஸ். நடைமுறையில் முடிவு கட்சியில்.

இதே தாளில் கீழே இன்னொரு வரிசை: சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்யுமா? அமெரிக்கா செய்யும், 1803 மார்பரி வழக்கு. பிரிட்டன் செய்யாது, நாடாளுமன்றமே மேலானது. சுவிஸ் நீதிமன்றமும் கூட்டாட்சிச் சட்டத்தை ரத்து செய்யாது. மற்ற இரண்டையும் நீங்களே நிரப்புங்கள். நாளை மாலைக்குள் புத்தகம் பார்க்காமல் இந்தத் தாளை மறுபடி வரைய முடிந்தால் தூங்கப் போய்விடலாம்.

மஞ்சள்மண்டி | வெள்ளி மாலை 6.15

சார், மண்டி காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்தேன். நான்காவது தடவையில் சுவிஸ் தவிர எல்லாம் வந்துவிட்டது. பையன் வந்து "அம்மா, யாரை வீட்டுக்கு அனுப்பப் போற?" என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

ஒரு சந்தேகம். பிரிட்டிஷ் அமைச்சரவையையும் அமெரிக்க அமைச்சரவையையும் ஒப்பிடுக என்று நான்கு வினாத்தாளில் வந்திருக்கிறது. அட்டவணை போட்டு எழுதலாமா?

பழைய_வாத்தியார் | வெள்ளி மாலை 7.00

"வேறுபடுத்துக" என்றால் போடலாம். "ஒப்பிடுக" என்றால் பத்தியாக எழுதுங்கள். முதல் மூன்று பக்கம் பிரிட்டன், அடுத்த மூன்று பக்கம் அமெரிக்கா என்று எழுதினால் அது இரண்டு கட்டுரை, ஒப்பீடு இல்லை. ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு நாடும் வர வேண்டும். பிரிட்டனில் அமைச்சர் நாடாளுமன்றத்திலிருந்து வருபவர், அமெரிக்காவில் காங்கிரஸ் பதவியை விட்டால்தான் அமைச்சரவைக்கு வர முடியும். 2009-இல் ஹிலாரி கிளின்டன் செனட்டை விட்டுத்தான் வெளியுறவுச் செயலாளர் ஆனார். ஒரு பெயர், ஒரு வருடம் போதும்.

குரூப்2_கனவு | வெள்ளி இரவு 8.20

சார், அந்தக் கட்டத் தாளை நானும் வரைந்துவிட்டேன். 7 பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

மஞ்சள்மண்டி | சனி பிற்பகல் 2.30

எழுதிவிட்டேன். அமைச்சரவை ஒப்பீடு வந்தது! ஹிலாரியை எழுதினேன். பிரான்ஸ் குடியரசுத் தலைவர் ஐந்து மதிப்பெண்ணுக்கு வந்தது, முன்பு 7, பின்பு 5 என்று எழுதி 2000-ஐ அடிக்கோடிட்டேன். சீனா அலகிலிருந்து வந்த கேள்வி தலைகால் புரியவில்லை, அதற்குப் பதில் சுவிஸ் நேரடி ஜனநாயகத்தை எடுத்தேன். கடைசிக் கால் மணி நேரத்தில் கூடுதல் தாள் வாங்கி, நூல் கட்டும்போது கை நடுங்கியது.

பஸ்ஸில் வரும்போதுதான் ஞாபகம் வந்தது. 100 நாளுக்கு 1,00,000 என்றும் 18 மாதத்துக்கு 50,000 என்றும் மாற்றி எழுதியிருக்கிறேன்.

பழைய_வாத்தியார் | சனி பிற்பகல் 3.10

ஒரு மார்க் போகும், அவ்வளவுதான். அடுத்த தாள் எப்போது?

மஞ்சள்மண்டி | சனி பிற்பகல் 3.25

செவ்வாய். பொது நிர்வாகம். லீவு இல்லை சார், அன்று காலை மட்டும் பர்மிஷன். காலண்டரில் இன்னும் ஏழு மாதம் பாக்கி இருக்கிறது, கிழிக்க.