அவசரம்: ட்ரோயிங்கில் 1/2 மரை, 12.7க்குக் கடைந்தேன், பொருந்தவில்லை

பட்டறைப் பொடியன், கோண்டாவில் | காலை 9:40

அண்ணைமார், ஒரு உதவி. ஒருவர் ட்ரோயிங் கொண்டுவந்து அடப்டர் ஒன்று கடைந்து தரச் சொன்னார். ஒரு முனையில் 1/2 மரை. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர்தானே, அந்த அளவுக்கே கடைந்து மரையும் வெட்டிவிட்டேன். அவர் தந்த மற்றத் துண்டுக்குள் விட்டால் மரை பிடிக்கவேயில்லை, சும்மா ஆடுகிறது. ட்ரோயிங் பிழையா? பின்னேரம் ஆள் வந்துவிடுவார், கெதியாகச் சொல்லுங்கள்.

குழாய்க்காரன், இணுவில் | 9:52

படம் ஒன்று எடுத்துப் போடும் தம்பி. எதற்கு இந்த அடப்டர்? தண்ணீருக்கா, காற்றுக்கா? அங்குலத்துக்கு எத்தனை மரை வெட்டினீர்? எந்த உலோகம்? ஒன்றும் சொல்லாமல் பிழை எங்கே என்று கேட்டால் நாங்கள் எப்படிச் சொல்வது?

வெங்காயத் தோட்டம் | 9:58

ட்ரோயிங் பாதி அளவில் வரைந்ததாக இருக்கும். மூலையில் 1:2 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அப்படியென்றால் எல்லாவற்றையும் இரட்டிக்க வேண்டும், 25.4 வரும்.

அறிவியல் நகர் மாணவி | 10:05

இரட்டிக்க வேண்டாம், தயவுசெய்து. எந்த அளவுத்திட்டத்தில் வரைந்தாலும் எழுதியிருக்கும் எண் உண்மையான பொருளின் எண்தான். அடிமட்டத்தைத் தாளில் வைத்து அளப்பவருக்கு மட்டும்தான் 1:2 பிரச்சினை. பொடியன், 1/2க்கு முன்னால் ஏதாவது எழுத்து இருக்கிறதா? பின்னால்? அந்த வரியை அப்படியே எழுதுங்கள்.

கே.கே.எஸ். பழசு | 10:11

தம்பி, அரை அங்குலம் என்றால் விட்வேர்த், அங்குலத்துக்கு 12 மரை. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைப் பட்டறையில் 1990இல் அது நிற்கும்வரை நான் கடைசலில் இருந்தவன். பழைய இங்கிலாந்து மெசின்களின் போல்ற் எல்லாம் இந்தக் கணக்குத்தான். ஜோசப் விட்வேர்த் 1841இல் முன்வைத்த முறை, மரையின் கோணம் 55 பாகை. நீர் 13 வெட்டியிருப்பீர். அது அமெரிக்கக் கணக்கு. ஒரு மரை வித்தியாசம், இரண்டு சுற்றுக்கு மேல் ஏறாது.

ரொறன்ரோ கடைசல் | 10:20

நான் இங்கே இருபது வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். அரை அங்குலக் குழாய் மரை என்றால் என்.பி.ரி.; 60 பாகை, 16க்கு 1 சரிவு, அங்குலத்துக்கு 14. நேராகக் கடைந்தால் பிடிக்காது, கூம்பாகக் கடையுங்கள்.

அறிவியல் நகர் மாணவி | 10:24

அண்ணா, அது வட அமெரிக்காவில். இலங்கைக் கடைகளில் உள்ள குழாய்ச் சாமான் பெரும்பாலும் பி.எஸ்.பி. என்ற பிரித்தானியக் குழாய் மரை. அரை அங்குலத்தில் இரண்டுக்கும் 14 மரைதான் என்பதால் முதல் இரண்டு சுற்று ஏறி ஆளை ஏமாற்றிவிடும். எழுத்தைப் பார்க்காமல் இப்போதே எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஐயா, உங்கள் 12 மரைக் கணக்கும் சரிதான், ஆனால் அது போல்றுக்கு. மரை பிழைத்தால் இறுகும். இவருடையது ஆடுகிறது.

பட்டறைப் பொடியன் | 10:50

வாடிக்கையாளர் வந்துவிட்டார், அதுதான் தாமதம். ஓம், எழுத்து இருக்கிறது. 1/2க்கு முன்னால் ஜி, பின்னால் ஏ. ஜி என்றால் டொலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடிக் குறையலாம் என்பது) என்று நினைத்து விட்டுவிட்டேன், ஏனென்றால் மற்ற முனையில் எம்20×1.5 - 6ஜி என்று இருக்கிறது. பித்தளையில் கடைந்தேன்.

மைக்குரோன் | 10:58

இதை அடிப்படைப் பாடம் என்பார்கள். வரைபடம் வாசிக்கத் தெரியாமல் லேத்தில் கை வைப்பது ஏன்? எழுத்தைத் தள்ளிவிட்டு எண்ணை மட்டும் எடுப்பவர் கடிதத்தில் முகவரியை விட்டுவிட்டு வீட்டு இலக்கத்தை மட்டும் வாசிப்பவர். இந்த இழையில் இதே கேள்வியை எத்தனை முறை விளக்குவது? ஜி என்றால் ஐ.எஸ்.ஓ. 228 தரத்தின் குழாய் மரை. விட்டம் 20.955. போய்ப் படியுங்கள்.

கே.கே.எஸ். பழசு | 11:03

மைக்குரோன், விஷயம் தெரிந்தவர் நீர். பொடியனுக்கு நேரம் போகிறது, ஏசுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நானும் 12 என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், ஜி என்றால் அது குழாய் மரைதான்.

அறிவியல் நகர் மாணவி | 11:15

பொடியன், உங்கள் குழப்பம் நியாயமானது. தமிழில் இரண்டையும் ஜி என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒன்று பெரிய எழுத்து, மற்றது சின்ன எழுத்து. அவற்றுக்கு ஒன்றோடொன்று தொடர்பே இல்லை.

முன்னால் நிற்கும் பெரிய ஜி மரையின் குலத்தைச் சொல்கிறது: சரிவில்லாத பி.எஸ்.பி. குழாய் மரை, 55 பாகை. அதற்குப் பின்னால் வரும் 1/2 கடையும் அளவு அல்ல. பழைய காலத்து இரும்புக் குழாயின் உள்துவாரத்தை வைத்து வந்த பெயர் அது. குழாயின் சுவர்த் தடிப்பும் சேர, வெளிமரையின் விட்டம் 20.955 மில்லிமீற்றர் ஆகிறது. வீட்டில் அரை அங்குலப் பைப் என்று வாங்குவதை வேனியரில் அளந்து பாருங்கள், எங்கேயும் 12.7 வராது.

அங்குலத்துக்கு 14 மரை, அதாவது மரைக்கு மரை 1.814. அடிவிட்டம் 18.631, ஒரு பக்க ஆழம் 1.162. கடைசியில் நிற்கும் ஏ தான் இங்கே டொலரன்ஸ். வெளிமரைக்கு ஏ, பி என்று இரண்டு வகுப்பு உண்டு, ஏ இறுக்கமானது. வெளிவிட்டம் 20.955க்கு மேலே போகக்கூடாது, 20.671க்குக் கீழேயும் போகக்கூடாது. 20.8 அளவில் நிறுத்தினால் நிம்மதி.

மற்ற முனையில் எம் என்பது மெட்ரிக், 60 பாகை. 20 வெளிவிட்டம், 1.5 மரைக்கு மரை தூரம். 20க்கு வழமையான கரடு மரை 2.5; அப்படியிருந்தால் எண்ணை எழுதாமலே விடுவார்கள். எழுதியிருப்பதால் இது நுண்மரை. 6 என்பது எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பது, சின்ன ஜி அந்த விட்டுக்கொடுப்பு எங்கே தொடங்குகிறது என்பது. சின்ன எழுத்து வெளிமரைக்கு, பெரிய எழுத்து உள்மரைக்கு. அதனால்தான் நட்டில் 6எச் என்று பெரிய எழுத்தில் வரும். 6ஜி என்றால் சரியாக 20.00இல் நிறுத்தக்கூடாது, 19.968க்கும் 19.732க்கும் இடையில் வர வேண்டும்.

முடிவு செய்யமுன் ஒன்று செய்யுங்கள்: வாடிக்கையாளர் தந்த துண்டின் உள்வாயை அளந்து, பிட்ச் கேஜ் (மரை இடைவெளி பார்க்கும் பல்லுத் தகடு) வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

குழாய்க்காரன், இணுவில் | 11:22

பிள்ளை சொல்வது சரி. கடைந்த பிறகு மரையில் பைப்புக்குச் சுற்றும் வெள்ளை ரேப் பத்துச் சுற்று இறுக்கிச் சுற்றிப் பூட்டும் தம்பி, ஒழுகாது.

மைக்குரோன் | 11:26

ஜி மரைக்கு ரேப்பா? ஜி மரை அடைப்பதற்கு அல்ல, பிடிப்பதற்கு மட்டும். அடைப்பது முகத்தில் இருக்கும் வோஷர். மரையே அடைக்க வேண்டுமென்றால் வரைபடத்தில் ஆர் என்று வந்திருக்கும், அது சரிவு மரை.

குழாய்க்காரன், இணுவில் | 11:31

நான் 22 வருடமாக இணுவில், உடுவில், மருதனார்மடம் என்று எத்தனை வீட்டுக்குப் பைப் பூட்டியிருக்கிறேன். எல்லாம் ரேப்தான். ஒரு வீட்டில் ஒழுகியதா என்று கேளுங்கள்.

கே.கே.எஸ். பழசு | 11:37

ரேப் வருமுன் நாங்கள் சணலும் பெயின்ற்றும் வைத்துப் பூட்டினோம், அதுவும் நின்றது. நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல் தண்ணீர், சின்ன ஒழுக்கு என்றால் நாளடைவில் கல்சியம் படிந்து தானே அடைபடும். ஆனால் பிறகு கழற்றப் போனால் மரையோடு உடைந்து வரும். நின்றது என்பதற்காக அதுதான் முறை என்று சொல்ல மாட்டேன்.

குழாய்க்காரன், இணுவில் | 11:40

நான் கழற்றியும் இருக்கிறேன் ஐயா. முறையாகச் சுற்றினால் கழன்று வரும். சுற்றும் பக்கம் முக்கியம், மரை ஏறும் பக்கமாகச் சுற்ற வேண்டும்.

ரொறன்ரோ கடைசல் | 11:44

இரண்டு பேருடைய கதையும் சரி. கடையில் வரும் பைப் முனைகள் அநேகம் சரிவு மரை, அதற்கு ரேப் பொருந்தும். சரிவில்லாத மரையில் ரேப் இடைவெளியை நிரப்பும், ஆனால் ஆப்பு வைத்ததுபோல் இறுகாது. பொடியன், உள்ளே என்ன ஓடுகிறது என்று இன்னும் சொல்லவில்லை. தண்ணீரா?

பட்டறைப் பொடியன் | 12:20

அளந்தேன். உள்வாய் 18.8, பிட்ச் கேஜில் 14 அப்படியே படிந்தது. அப்போ ஜி 1/2 தான். தண்ணீர் இல்லை, ஒயில். பேக்கோ (மண் வெட்டும் மெசின்) ஒன்றின் ஹைட்ரோலிக் லைனுக்கு. எம்20 முனையின் வாயில் 24 பாகை என்றும் இருக்கிறது, அது என்ன?

அறிவியல் நகர் மாணவி | 12:24

பேக்கோ என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பித்தளையை நிறுத்துங்கள். ட்ரோயிங்கின் கீழ் வலது கட்டத்தில் உலோகம் எழுதியிருக்கும், பாருங்கள்.

ரொறன்ரோ கடைசல் | 12:31

இப்போது எல்லாம் விளங்குகிறது. எம்20×1.5உம் 24 பாகைக் கூம்பும் 12 மில்லிமீற்றர் இரும்புக் குழாய்க்கான ஹைட்ரோலிக் பொருத்தி. அந்தக் கூம்பில்தான் ஒயில் அடைபடும், அதனால் வாயைக் கடைசியாக, ஒரே பிடியில், கீறல் இல்லாமல் கடையுங்கள். என்.பி.ரி. என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், கூம்பாகக் கடைந்திருந்தால் உங்கள் துண்டு வீணாகியிருக்கும்.

குழாய்க்கார அண்ணை, உங்கள் வேலையை நான் குறை சொல்லவில்லை. பத்து மீற்றர் உயரத்தில் தண்ணீர்த் தாங்கி இருந்தால் கீழே வரும் அழுத்தம் ஒரு பார் அளவு. பேக்கோவில் 200 பார் சாதாரணம். அங்கே ரேப் நிற்காது, அதன் நார் பிய்ந்து வால்வுக்குள்ளும் போகும். ஊசி முனையளவு ஒழுக்கிலிருந்து வரும் ஒயில் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஒழுகுகிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது, மட்டை ஒன்றைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

குழாய்க்காரன், இணுவில் | 12:38

ஒயில் என்று தெரிந்திருந்தால் ரேப் என்று சொல்லியிருக்க மாட்டேன். தண்ணீருக்கு நான் சொன்னதுதான்.

மைக்குரோன் | 12:45

ஜி முனைக்கு அருகில் இருக்கும் தோள்முகத்தில் மேற்பரப்புக் குறி இருக்கிறதா? டிக் அடையாளம் போல, பக்கத்தில் 1.6 அல்லது அப்படி ஓர் எண். இருந்தால் அங்கேதான் வோஷர் உட்காருகிறது, அந்த முகம் மரைக்குச் சரியாகச் செங்குத்தாக வர வேண்டும். ரப்பர் பதித்த இரும்பு வோஷர், டவுட்டி வோஷர் என்று கேட்டால் தருவார்கள், அரை அங்குல பி.எஸ்.பி. அளவில். காலையில் கடுமையாக எழுதிவிட்டேன். பித்தளையோடு பேக்கோவில் பூட்டியிருந்தால் யாருக்காவது அடிபட்டிருக்கும், அந்தப் பயம்தான் எனக்கு.

வெங்காயத் தோட்டம் | 12:52

இடையில் எனக்கும் ஒரு சந்தேகம். பம்ப் கையேட்டில் மரையைப் பக்கவாட்டில் வரையும்போது வெளியே தடித்த கோடு, உள்ளே மெல்லிய கோடு. முன்னால் பார்த்தால் உள்வட்டம் முழுதாக இல்லை, கால்வாசி விட்டுப்போயிருக்கிறது. அச்சுப்பிழையா?

அறிவியல் நகர் மாணவி | 12:57

பிழையில்லை, மரைக்கான அடையாளமே அதுதான். வெளிமரையில் தடித்த கோடு உச்சி, மெல்லிய கோடு அடி. முன்தோற்றத்தில் அடியை முக்கால் வட்டமாக மெல்லிய கோட்டில் வரைவார்கள். முழு வட்டமாக இருந்தால் அது படி வைத்துக் கடைந்த தண்டு என்று கடைபவர் நினைத்துவிடுவார். உள்மரைக்கு இது தலைகீழ்: தடித்தது உள்ளே, முக்கால் வட்டம் வெளியே.

கே.கே.எஸ். பழசு | பிற்பகல் 1:10

தம்பி, ஒருவரும் கேட்காத ஒன்று. உம்முடைய லேத்தின் லீட் ஸ்குரூ (மரை வெட்டும்போது கட்டிங் ரூலை நகர்த்தும் நீளத் திருகு) அங்குலமா, மெட்ரிக்கா? அங்குலம் என்றால் 14 மரை நேரடியாக வெட்டலாம். ஆனால் 1.5 வெட்ட 127 பல்லுச் சக்கரம் வேண்டும். 25.4ஐ ஐந்தால் பெருக்கினால் 127, அதனால்தான் அந்த எண். அது இல்லாமல் கிட்டத்தட்ட ஒரு சக்கரம் போட்டால் நான்கு மரைக்குத் தெரியாது, நீள மரையில் இறுகத் தொடங்கும். முக்கியமானது: அங்குல லேத்தில் மெட்ரிக் மரை வெட்டும்போது லீட் ஸ்குரூவைப் பிடிக்கும் அரை நட்டைத் திறக்கக்கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டிங் ரூலைப் பின்னுக்கு இழுத்து, மெசினைத் திருப்பி ஓட்டித்தான் தொடக்கத்துக்கு வர வேண்டும். திறந்து மூடினால் அடுத்த வெட்டு பழைய தடத்தில் விழாது. கட்டிங் ரூலும் இரண்டு வேண்டும். 55 பாகை ரூலால் 60 பாகை மரை வெட்டினால் கண்ணுக்குத் தெரியாது, கேஜ் பிடித்துவிடும்.

அறிவியல் நகர் மாணவி | 1:14

ஐயா, இதை எங்களுக்கு வகுப்பில் ஒரு வரியில் சொல்லிப் போய்விட்டார்கள். இப்போதுதான் முழுதாக விளங்கியது.

கே.கே.எஸ். பழசு | 1:19

ஒரு நல்ல தண்டைப் பழுதாக்கின பிறகுதான் நானும் விளங்கிக்கொண்டேன் பிள்ளை. அப்போது எனக்கு வயது 19.

பட்டறைப் பொடியன் | அடுத்த நாள், மாலை 6:30

நன்றி எல்லாருக்கும். மூலைக் கட்டத்தில் சி45 என்று இருந்தது, இரும்பில் திரும்பக் கடைந்தேன். ஜி முனை 20.80, மற்றது 19.90. இரண்டும் கையால் ஏறின. வோஷர் ஸ்ரான்லி வீதியில் கிடைத்தது. ஆள் கொண்டுபோய்விட்டார்.

கே.கே.எஸ். பழசு | 6:41

நல்லது தம்பி. 127 பல்லுச் சக்கரம் எங்கே எடுத்தீர்? என்னிடம் இருந்ததில் இரண்டு பல்லு உடைந்து கிடக்கிறது.