குளச்சல் போர் வீரனின் முகம் கரிக்கட்டையாகத் தெரிகிறது: கருத்து வேண்டும்

குளச்சல் தூரிகை:
வணக்கம். 1741 ஆகஸ்ட் 10 அன்று டச்சுக் கம்பெனிப் படையைத் திருவிதாங்கூர் தோற்கடித்த குளச்சல் போரைச் சிறு பொம்மைகளை வைத்து மேசை மேல் விளையாட்டாக ஆடுவதற்காக, 28 மி.மீ. உயரமுள்ள திருவிதாங்கூர் வீரன் பொம்மை ஒன்றுக்கு வண்ணம் தீட்டியிருக்கிறேன். பார்த்தவுடன் நம் ஊர்க்காரன் என்று தெரிய வேண்டும் என்பது என் ஆசை. கறுப்புப் பிரைமரின் (அடிப்பூச்சின்) மேல் அடர்பழுப்பும், அதன் மேல் கறுப்பு வாஷும் (குழிகளில் இறங்கித் தங்கும் நீர்த்த வண்ணமும்) கொடுத்து, மேடான இடங்களில் பழுப்புடன் வெள்ளை கலந்து தீட்டினேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் முகம் கரிக்கட்டையாகவும், மூக்கும் கன்னமும் சாம்பல் பூத்தாற்போலவும் இருக்கின்றன. போதாக்குறைக்கு, மழை நாளில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்ததில் உருவமெங்கும் வெண்படலம் படிந்துவிட்டது. அடித்தட்டில் எங்கள் கடற்கரை மணலையே ஒட்டியிருக்கிறேன். படங்களைப் பார்த்துக் குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் வண்ணன்:
தம்பி, கண்களையும் இடைக்கச்சையின் ஓரக்கோட்டையும் இவ்வளவு நேராகத் தீட்டிய கைக்குப் பயிற்சிக் குறைவு என்று சொல்ல முடியாது. பிழை நிறத் தேர்வில்தான் இருக்கிறது. பழுப்பில் வெள்ளையைக் கலந்தால் அதன் வெம்மை போய்ச் சுண்ணாம்புத் தன்மை வந்துவிடும். பிற்பகல் வெயிலில் உங்கள் புறங்கையைப் பாருங்கள்: மேடுகள் மஞ்சள் கலந்த பழுப்பாகவும், மடிப்புகள் செம்பழுப்பாகவும் இருக்கும், கறுப்பு எங்குமே இராது. ஆகவே நடுத்தரப் பழுப்பை நீர்க்கக் கரைத்து இரண்டு பூச்சு கொடுத்து, குழிகளில் மட்டும் செம்பழுப்பை இறக்கி, நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு, தோள் ஆகியவற்றைக் காவிமஞ்சள் கலந்து படிப்படியாக ஏற்றுங்கள். இவ்வளவு சிறிய உருவத்தில் அறை வெளிச்சம் போதிய நிழலைத் தராது என்பதால், கையில் வைத்துப் பார்க்கும்போது மிகையாகத் தோன்றும் வேறுபாடுதான் மேசையில் சரியாகத் தெரியும். வேட்டிக்குத் தந்த நிறத்தையும் தூய வெள்ளையிலிருந்து இறக்கி, மடிப்பு முகடுகளுக்கு மட்டும் வெள்ளையை வைத்துக்கொள்ளுங்கள். முகம் தானாக முன்னே வரும்.

தக்கலைக்காரன்:
வெண்படலத்துக்குக் காரணம் காற்றின் ஈரம். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் ஸ்ப்ரேயை நம்பி இருக்க முடியாது. நான் தூரிகையால் பூசும் வார்னிஷுக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மீண்டும் தீட்டுவதற்கு முன், பளபளப்பு வார்னிஷை மெல்லிய பூச்சாகக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் படலம் மறைந்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் மேட் பூசலாம். முதலில் வேண்டாத உருவம் ஒன்றில் சோதித்துக்கொள்ளுங்கள்.

மணல் சல்லடை:
மணலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 28 மி.மீ. உருவம் ஏறத்தாழ 56-இல் ஒரு பங்கு அளவு. அரை மில்லிமீட்டர் மணல் அவன் காலடியில் 28 மி.மீ. கூழாங்கல்லாகிவிடுகிறது. உங்கள் வீரன் கடற்கரையில் அல்ல, சரளைமேட்டில் நிற்கிறான். மேலும், மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் கதிரியக்கமுள்ள தோரியம் கொண்ட மோனசைட் என்ற கனிமம் கலந்திருக்கிறது. அதை வீட்டில் சலித்துத் தூசி கிளப்ப வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். சாதாரண மணலின் மிக நுண்ணிய பொடியை ஒட்டி, கடற்கரையின் நிறத்தை வண்ணத்தால் கொண்டுவாருங்கள். மீனவர்கள் துடுப்புகளைத் துப்பாக்கிகள் போல் தோளில் சாய்த்து நின்று டச்சுக்காரர்களை மிரட்டியதாகக் கரையோரத்தில் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அடுத்து அவர்களையும் தீட்டுவீர்களா?

குளச்சல் தூரிகை:
மூவருக்கும் நன்றி. பளபளப்பு வார்னிஷில் படலம் மறைந்தது; வேட்டியின் ஒரு மடிப்பில் மட்டும் சிறிது தங்கியிருக்கிறது. காவிமஞ்சள் ஏற்றியபின் முகத்தை எங்கள் தெருவிலேயே பார்த்தது போல் இருக்கிறது. மணலைச் சுரண்டி எடுத்துவிட்டேன். துடுப்புக்காரர்களுக்காக ஈர்க்குச்சி சீவத் தொடங்கியிருக்கிறேன், அண்ணா.